ஒரே வீட்டுக்குள் அத்தனை பேரும் எப்படிச் சேர்ந்தார்கள்?

'ஆன் அமெரிக்கன் கிரைம்' படத்தைப் பார்த்துவிட்டு மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். படத்தில் வருவது உண்மையிலேயே நடந்ததா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்கூட ஒரு பெண்ணை வதைப்பதில் எப்படிச் சேர்ந்துகொண்டார்கள், அதே சம்பவத்திலிருந்து பிறந்த 'தி கேர்ள் நெக்ஸ்ட் டோர்' படத்தையும் பார்க்கலாமா என்பவை அவை. ஆனால் நடுவில், "அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் எங்கள் தெருப் பிள்ளைகள் மாதிரியே இருக்கிறார்கள், அதுதான் தூங்கவிடவில்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கொடியவன் கொடுமை செய்வதில் வியப்பதற்கு ஏதுமில்லை. சாதாரணமானவர்கள் சேர்ந்துகொண்டு, வாரக்கணக்கில், இடையில் பள்ளிக்கும் போய் வந்துகொண்டு அதைச் செய்தது எப்படி என்பதே நீங்கள் கேட்பது. கல்லூரியில் சமூக உளவியல் கற்பித்தவன், சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லங்களில் ஆலோசகராகவும் பணி செய்தவன் என்ற அளவில் பதில் சொல்கிறேன். நான் திரைப்பட விமர்சகன் அல்லன் என்பதையும், இறந்துபோன ஒருவரின் மனநிலையைக் கோப்புகளைக் கொண்டு கணித்துவிட முடியாது என்பதையும் மனத்தில் வைத்துப் படியுங்கள்.

சம்பவம் உண்மை. சில்வியா லைக்கன்ஸ் என்ற 16 வயதுப் பெண் 1965 அக்டோபர் 26 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் இறந்தாள். திருவிழாக்களில் கடை போட்டு ஊர் ஊராகப் போகும் தொழில் அவளுடைய பெற்றோருக்கு. அந்த ஆண்டு ஜூலையில் அவளையும், போலியோவால் பாதிக்கப்பட்டுக் காலில் கருவி மாட்டியிருந்த தங்கையையும் கெர்ட்ரூட் பானிஷெவ்ஸ்கி என்ற பெண்மணியிடம் வாரம் 20 டாலருக்கு ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கெர்ட்ரூட் ஏழு பிள்ளைகளின் தாய், கணவரைப் பிரிந்தவர், நோயாளி, துணி இஸ்திரி போட்டும் சில்லறை வேலைகள் செய்தும் காலம் தள்ளியவர். பணம் வருவதில் ஏற்பட்ட ஒரு சிறு தாமதத்தோடு அடி தொடங்கியது. ஏறத்தாழ மூன்று மாதங்களில் அது பட்டினி, சூடு, நிலவறையில் அடைத்து வைத்தல் என்று போய், மரணத்தில் முடிந்தது. உடலில் 150க்கும் மேற்பட்ட காயங்கள் இருந்தன. 1966 மே மாதத் தீர்ப்பில் கெர்ட்ரூட் முதல்தரக் கொலைக் குற்றத்துக்கும், அவருடைய 17 வயது மூத்த மகள் இரண்டாம்தரக் கொலைக் குற்றத்துக்கும் ஆயுள் தண்டனை பெற்றார்கள். கெர்ட்ரூடின் மகன் ஒருவனும் அக்கம்பக்கத்துச் சிறுவர்கள் இருவரும் கொலையாகாத மரணக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வெளியே வந்துவிட்டார்கள். கைதான வேறு சில அயல்வீட்டுப் பிள்ளைகள் மீதான வழக்கு கைவிடப்பட்டது. மேல்முறையீட்டின் பேரில் 1971இல் நடந்த மறுவிசாரணையிலும் கெர்ட்ரூட் குற்றவாளி என்றே தீர்ப்பானது. 1985இல் பலத்த எதிர்ப்புக்கு நடுவே பரோலில் விடுதலையாகி, 1990இல் நோயால் இறந்தார்.

இவ்வளவும் நீதிமன்றப் பதிவுகளில் உறுதியானவை. அந்தப் பதிவுகளில் என்னை இன்றும் நிறுத்திவைப்பது காயங்களின் பட்டியலைக் காட்டிலும், அந்த வீட்டின் கதவு திறந்தே கிடந்தது என்பதுதான். தனிமைப்பட்ட பங்களாவில் நடந்த காரியமாக அதைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் வந்து போனார்கள். அடுத்த வீட்டுத் தம்பதியர் அந்தப் பெண்ணின் கண் வீங்கிக் கறுத்திருந்ததைப் பார்த்தார்கள். அது தண்டனை என்று பதில் வந்ததும் தலையசைத்துவிட்டுப் போனார்கள். ஒரு போதகர் வந்தார்; அந்தப் பெண் நடத்தை கெட்டவள் என்று கெர்ட்ரூட் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்பினார். புகாரின் பேரில் அக்டோபர் நடுவில் ஒரு பொது சுகாதாரச் செவிலியர் வந்தார். அவளை வீட்டைவிட்டுத் துரத்தியாயிற்று என்ற பதிலைக் குறித்துக்கொண்டு போனார். அப்போது சில்வியா அதே வீட்டில்தான் இருந்தாள். கடைசி நாளில் போலீஸ்காரர் வந்து நின்றபோது, என்னை இங்கிருந்து கூட்டிப் போங்கள், எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று அவரிடம் ரகசியமாகச் சொன்னவள் அந்தத் தங்கைதான். முன்பே ஏன் சொல்லவில்லை என்று அவளைக் குற்றம் சொல்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அடுத்தது நீதான் என்ற மிரட்டலோடு அதே கூரையின் கீழ் கிடந்த ஊனமுற்ற சிறுமியிடம் கேட்கும் கேள்வி அது. அதைப் போதகரிடம் கேட்பதுதான் முறை.

இப்போது 'எப்படி' என்பதற்கு வருகிறேன். இதில் எனக்கு ஓரளவு உறுதியாகத் தெரிவது மூன்று. முதலாவது, படிப்படியாக ஏறுதல். முதல் வாரத்தில் ஓர் அடி. அது பெரியவர் தரும் தண்டனை, அன்றைய அமெரிக்காவில் எவரும் புருவம் உயர்த்தாத விஷயம். இரண்டாவது வாரத்தில் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடச் சற்றே அதிகம் என்பதால், இங்கே நிறுத்து என்று எவருக்கும் தோன்றும் தெளிவான கோடு ஒன்று வரவே இல்லை. மேலும், இன்று செய்வதைத் தவறு என்று ஒப்புக்கொண்டால் நேற்றுச் செய்ததும் தவறாகிவிடும். அந்தச் சங்கடத்தைத் தவிர்ப்பதற்கு மனித மனம் கண்டுபிடிக்கும் எளிய வழி, வதைபடுபவரை மேலும் கேவலமானவராக ஆக்கிக்கொள்வது.

அதுவே இரண்டாவது. சில்வியா தன் மகள்களைப் பற்றி அவதூறு பரப்பினாள், திருடினாள், கெட்ட நடத்தை உள்ளவள் என்று கெர்ட்ரூட் பிள்ளைகளிடம் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவளுடைய வயிற்றிலேயே அப்படிப்பட்ட ஒரு வாசகத்தைச் சூடான ஊசியால் எழுதினார்கள். எழுதத் தொடங்கிய கெர்ட்ரூட் பாதியில் விட்டுவிட, எழுதி முடித்தவன் ஒரு பக்கத்து வீட்டுச் சிறுவன். ஆல்பர்ட் பண்டூராவும் சகாக்களும் 1975இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. தண்டிக்கப்படப் போகிறவர்களைப் பற்றி, மிருகம் போன்றவர்கள் என்று பரிசோதகர் தரப்பில் ஒருவர் சொல்வதைத் தற்செயலாகக் கேட்டதுபோல் ஏற்பாடு செய்தார்கள். அதைக் கேட்ட மாணவர்கள், கேட்காதவர்களைவிடக் கடுமையான மின்னதிர்ச்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் சொன்ன ஒரே ஒரு சொல்லுக்கு அந்த விளைவு என்றால், வீட்டுப் பெரியவர் ஒருவர் நாள்தோறும் சொன்னதன் விளைவை ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, வேலைப் பங்கீடு. கூட்டுக் கொடுமையில் முழுக் கொடுமையையும் செய்தவர் என்று எவரும் இருப்பதில்லை. ஒருவர் பிடித்துக்கொள்வார், ஒருவர் தண்ணீர் கொண்டு வருவார், ஒருவர் ஊசியைச் சூடாக்குவார், ஒருவர் சிரிப்பார். கூர்நோக்கு இல்லத்தில் ஒரு பையன், உடன் படித்தவனை நான்கு பேர் சேர்ந்து அடித்துக் குற்றுயிராக்கிய வழக்கில் வந்தவன், என் எதிரே உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே: "நான் அடிக்கல சார், கையைத்தான் பிடிச்சிருந்தேன்." தண்டனைக்குப் பயந்து சொன்ன பொய்யாக அது எனக்குப் படவில்லை. உண்மையிலேயே அவன் கணக்கில் அவன் அடிக்கவில்லை. மற்ற மூவரிடம் பேசியபோது, அவன் பிடித்திராவிட்டால் அடித்திருக்கவே முடியாது என்றார்கள். லைக்கன்ஸ் வழக்கு விசாரணையிலும் இதன் பெரிய வடிவத்தைக் காணலாம். தான் நோய்வாய்ப்பட்டு மருந்து மயக்கத்தில் கிடந்ததாகவும் எல்லாம் பிள்ளைகளின் வேலை என்றும் கெர்ட்ரூட் சாட்சி சொன்னார். பெரியவர் சொன்னதைச் செய்த பிள்ளைகள் என்று சிறுவர்களின் வக்கீல்கள் வாதாடினார்கள். தாயின் தரப்புக்காகக் கூண்டில் ஏற்றப்பட்ட 11 வயது மகள் குறுக்கு விசாரணையில் உடைந்து அழுது, ஊசியைச் சூடாக்கிக் கொடுத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டாள். 

ஸ்டான்லி மில்கிராம் யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் தொடங்கிய கீழ்ப்படிதல் பரிசோதனைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தவறாகப் பதில் சொல்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னபோது, 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள் என்பது எல்லோரும் மேற்கோள் காட்டும் எண். அதிர்ச்சி நடிப்புதான், ஆனால் பங்கேற்றவர்களுக்கு அது சொல்லப்படவில்லை. எனக்கு அந்த எண்ணைவிட அதிகம் மேற்கோள் பெறாத வேறு இரண்டு எண்கள் முக்கியமாகப் படுகின்றன. பொத்தானை வேறொருவர் அழுத்த, பங்கேற்பவர் துணை வேலையை மட்டும் செய்யும்படி மாற்றியபோது, 40 பேரில் 37 பேர் கடைசிவரை உடனிருந்தார்கள். கையைப் பிடித்த பையனின் இடம் அது. உடனிருக்கும் இருவர் இடையிலேயே மறுத்து எழுந்துகொள்ளும்படி மாற்றியபோது, கடைசிவரை போனவர்கள் 4 பேர் மட்டுமே. கூட்டம் மனிதனைக் கெடுக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதே கூட்டத்தில் இருவர் எழுந்தால் மற்றவர்களும் எழுகிறார்கள் என்பது அதே ஆய்வின் முடிவு.

இனி, சந்தேகத்துக்கு உரியவற்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தத் துறையில் பாடப்புத்தகமே பல தலைமுறை மாணவர்களுக்கு அரைகுறைக் கதைகளைச் சொல்லியிருக்கிறது. மில்கிராமின் ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினர் அதிர்ச்சி உண்மையல்ல என்று ஊகித்திருந்தார்கள் என்பதைப் பிற்கால ஆவண ஆய்வுகள் காட்டின. மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் பிரித்துப் பிலிப் ஜிம்பார்டோ 1971இல் நடத்திய ஸ்டான்ஃபோர்டு சிறைப் பரிசோதனையை நான் இப்போது மிகுந்த எச்சரிக்கையோடுதான் குறிப்பிடுகிறேன். சீருடை மாட்டியதும் மாணவர்கள் தாமாகவே கொடுங்காவலர்கள் ஆனார்கள் என்பது அதன் பிரபலமான முடிவு. ஆனால் கடுமையாக நடந்துகொள்ளும்படி காவலர்களுக்கு நடத்துநர் தரப்பிலிருந்தே தூண்டுதல் இருந்தது ஒலிப்பதிவுகளிலிருந்து தெரியவந்தது. அலெக்ஸ் ஹாஸ்லமும் ஸ்டீவன் ரைக்கரும் பிபிசியுடன் சேர்ந்து நடத்திய சிறை ஆய்வில் காவலர்கள் அப்படி மாறவே இல்லை. ஆகவே, எவரையும் ஓர் அறைக்குள் விட்டால் அரக்கராகிவிடுவார் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. தலைவரோடும் அவர் சொல்லும் நியாயத்தோடும் ஒன்றிப்போகிறவர்கள்தான் மாறுகிறார்கள் என்ற ரைக்கர், ஹாஸ்லம் தரப்பு விளக்கம் எனக்கு வழக்குக் கோப்புகளோடு அதிகம் பொருந்துகிறது. கெர்ட்ரூடின் வீட்டில் பிள்ளைகளுக்குச் சோடா கிடைத்தது, சிகரெட் கிடைத்தது, பெரியவர்களிடம் பேச முடியாததைப் பேச இடம் கிடைத்தது என்று அந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுவதை நான் இந்த வெளிச்சத்தில்தான் படிக்கிறேன். அவர்களுக்கு அந்த வீட்டில் ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தின் விலை சில்வியா.

இதேபோல், நியூயார்க்கில் 1964இல் கிட்டி ஜெனோவீஸ் குத்திக் கொல்லப்பட்டபோது 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தும் அசையவில்லை என்ற செய்தியை மேற்கோள் காட்டி, மனிதர்கள் இப்படித்தான் என்று முடித்துவிடுவார்கள். அந்தச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்பதை அதை வெளியிட்ட நியூயார்க் டைம்ஸ் இதழே 2016இல் ஒப்புக்கொண்டது. பொதுவெளியில் நடந்த 219 மோதல்களின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை மூன்று நாடுகளிலிருந்து திரட்டி 2019இல் வெளியான ஆய்வு, பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது குறுக்கிட்டதைக் காட்டியது. ஆனால் அது தெருச் சண்டை. வீட்டுக்குள், தண்டனை என்ற பெயரில், அதிகாரமுள்ள ஒருவர் செய்யும் கொடுமைக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. அடுத்த வீட்டுக்காரர் தலையசைத்துவிட்டுப் போவது இன்றும் அங்கேதான் நடக்கிறது.

திரைப்படங்களுக்கு வருவோம். டாமி ஓ'ஹேவர் இயக்கி 2007இல் வெளிவந்த 'ஆன் அமெரிக்கன் கிரைம்' நீதிமன்றச் சாட்சியங்களைச் சட்டகமாகக் கொண்டது. வசனங்களிலும் சாட்சியப் பதிவுகளை நெருங்கிப் போகிறது. காதரீன் கீனர் கெர்ட்ரூடை அரக்கியாக்காமல், மூச்சிரைக்கும், களைத்துப்போன பெண்மணியாக நடித்திருப்பது அதன் பெரிய பலம். ஆனால் முடிவுக்கு அருகில் சில்வியா அங்கிருந்து தப்பிப் பெற்றோரைப் போய்ச் சேர்வதாக வரும் பகுதி கற்பனை என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். அதோடு, மூன்று மாதங்களை ஒன்றரை மணி நேரத்தில் சுருக்கும்போது, நான் முதலில் சொன்ன படிகள் செங்குத்தாகிவிடுகின்றன. இவ்வளவு வேகமாக ஒருவர் இப்படி ஆவாரா என்று உங்களுக்குத் தோன்றியதற்குக் காரணம் அந்தச் சுருக்கம். நிஜத்தில் அது மெதுவாக நடந்தது, மெதுவாக நடந்ததனாலேயே நடக்க முடிந்தது.

'தி கேர்ள் நெக்ஸ்ட் டோர்' ஜாக் கெட்சமின் 1989ஆம் ஆண்டு நாவலை வைத்து எடுக்கப்பட்டது. அதுவும் 2007இல் வந்தது. பெயர்கள், ஊர், காலம் எல்லாம் மாற்றப்பட்டு, சம்பவம் 1950களுக்கு நகர்த்தப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்து, மனம் உறுத்தி, கடைசியில் எதிர்த்து நிற்கும் ஒரு பக்கத்து வீட்டுச் சிறுவன்தான் அதில் கதைசொல்லி. என் குறை அங்கேதான் இருக்கிறது. பார்வையாளருக்கு உட்கார ஓர் இடம் வேண்டுமே என்பதற்காக உருவாக்கப்பட்ட பாத்திரம் அது. அவனுடைய கண்ணால் பார்க்கும்வரை, நாம் சங்கடப்படுகிற நல்லவர்களாகவே இருந்துவிடலாம். இண்டியானாபொலிஸ் வீட்டில் அந்தச் சிறுவன் இல்லை. கொடுமைக்காரி அங்கேயே தண்டனை அடைகிற முடிவும் நிஜத்தில் இல்லை. நிஜத்தில் அந்த அம்மாள் பரோலில் வந்து வேறு மாநிலத்தில் வாழ்ந்து இறந்தார். ஸ்டான்ஃபோர்டு பரிசோதனையை வைத்து 2001இல் ஜெர்மனியில் எடுத்த 'தாஸ் எக்ஸ்பெரிமென்ட்' படத்திலும் இதே நோய்: நிஜப் பரிசோதனை ஆறே நாளில் ஒருவரும் சாகாமல் நிறுத்தப்பட்டது, படத்தில் கொலை விழுகிறது. உச்சக்காட்சி வேண்டும் என்ற தேவை, கொடுமையை வெடிப்பாகக் காட்டிவிடுகிறது.

இந்த விஷயத்தைச் சரியாகப் பிடித்த படங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத்தின் வடபுறத்தில் 1990களில் நடந்த தொடர்கொலைகளை வைத்து ஜஸ்டின் கர்சல் 2011இல் எடுத்த 'ஸ்னோடவுன்' அவற்றில் ஒன்று. அதில் என்னை நடுங்கவைத்தது கொலைக் காட்சியைவிடச் சமையலறை மேசைக் காட்சி. அக்கம்பக்கத்தினர் உட்கார்ந்து, குழந்தைகளைச் சீரழிப்பவர்களை என்ன செய்யலாம் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. யார் எவ்வளவு தூரம் போகத் தயார் என்று ஒருவன் மட்டும் கவனித்துக்கொண்டிருக்கிறான். இன்னொன்று கிரெய்க் ஸோபெல் 2012இல் எடுத்த 'கம்ப்ளையன்ஸ்'. போலீஸ் அதிகாரி என்று சொல்லித் தொலைபேசியில் பேசிய ஒருவனை நம்பி, கென்டக்கி மாநிலத் துரித உணவகம் ஒன்றில் மேலாளரும் மற்றவர்களும் ஓர் இளம் பெண் ஊழியரை மணிக்கணக்கில் அவமதித்த 2004ஆம் ஆண்டுச் சம்பவம் அது. பலர் அந்த அறைக்குள் வந்து போகிறார்கள். கடைசியில் அழைக்கப்படும் வயதான பராமரிப்புத் தொழிலாளி, இதில் நான் சேர மாட்டேன் என்று மறுத்துவிடுகிறார். அதோடு மொத்த நாடகமும் கலைகிறது. இது திரைக்கதையின் கற்பனை என்று பலர் நினைக்கிறார்கள். நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது.

அந்தத் தெருவில் நானிருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற கேள்விக்கு, சராசரிகளை மட்டுமே தரும் எந்த ஆய்வும் உங்களைப் பற்றிப் பதில் சொல்லாது. ஆனால் எப்போது மறுப்பது எளிது என்பதற்குப் பதில் இருக்கிறது. மில்கிராமின் பல பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து டொமினிக் பாக்கர் 2008இல் ஆராய்ந்தபோது, மறுத்தவர்கள் அதிகமாக மறுத்த இடம் 150 வோல்ட் என்று தெரிந்தது. அலறல் உச்சத்தை எட்டும் இடம் அதுவன்று. எதிர் அறையில் அதிர்ச்சி வாங்குபவர் என்னை விட்டுவிடுங்கள் என்று முதன்முதலாகக் கேட்கும் இடம். அங்கே நிற்காதவர்களில் பெரும்பாலோர் பிறகு நிற்கவே இல்லை. நான் பேசிய சிறுவர்களில் பலரும் முதல் தடவை ஏதோ போல இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது தடவையைப் பற்றி அப்படிச் சொன்னவர்கள் குறைவு. இது ஆய்வு முடிவு இல்லை, என் அனுபவம் மட்டுமே.

இரண்டாவது படத்தைப் பார்க்கலாமா என்பதற்கு, வேண்டாம் என்பதே என் பதில். இத்தகைய படங்கள் பார்ப்பவரைக் கொடுமைக்காரராக்கும் என்பதற்கு உறுதியான சான்று இருப்பதாக நான் கருதவில்லை, ஆகவே அந்தப் பயத்தில் சொல்லவில்லை. நீங்கள் தேடும் விளக்கம் அதில் கிடைக்காது, தூக்கம்தான் இன்னும் கெடும். பார்க்கவே முடியாத பத்துப் படங்கள் என்று பட்டியல் போட்டு, அதில் சில்வியாவின் சாவை ஓர் எண்ணாக்கி, முழுதாகப் பார்த்து முடித்ததைச் சாதனையாகப் பேசும் வழக்கமும் எனக்கு உவப்பில்லை. விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் 'கம்ப்ளையன்ஸ்' பாருங்கள், பகலில் பாருங்கள். சிறுவயதில் வீட்டிலோ விடுதியிலோ அடிபட்டு வளர்ந்தவராக இருந்தால் அதையும் தனியாகப் பார்க்க வேண்டாம். ஒரு படம் சில நாட்கள் மனத்தில் சுற்றுவது இயல்பு. சில வாரங்கள் கழித்தும் அதே காட்சிகள் அழையாமல் வந்து தூக்கத்தைக் கெடுத்தால், பெரும்பாலும் அந்தப் படம் வேறு எதையோ தொட்டிருக்கிறது என்று பொருள், அப்போது ஓர் உளவியல் ஆலோசகரைப் போய்ப் பாருங்கள்.